அடைச்ச வீட்டு அங்காயி

ஒரு ஊர்ல ஒரு பூட்டு இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காத. ராஜாவுக்கு என்னைக்கு வீட்டுக் கஷ்டம் வந்துச்சு, அவன் கதையைச் சொல்றதுக்கு? பூட்டுதான். பூட்டுக்குப் பின்னால ஒரு பெரிய வீடு. பூட்டுக்கு இந்தப் பக்கம், சோன்னு கொட்டற மழையில, தலையில டிரங்குப்பெட்டியோட ஒரு கிழவி. அவ பேரு அங்காயி. "ம்" கொட்டு கண்ணு. நீ "ம்" கொட்டினாத்தான் கதை நகரும், இல்லாட்டி அவ நனைஞ்சுக்கிட்டே நிப்பா.

ம். சரி.

அங்காயிக்கு எழுபத்திரெண்டு வயசு. நாப்பது வருஷமா ஒரு லைன் வீட்டுல ஒத்தை ரூம்புல குடியிருந்தா. புருஷன் அந்த ரூம்புலதான் செத்தான். நல்ல நாள் பாத்துச் செத்தான், யாருக்கும் தொந்தரவு வைக்கலை. அதென்ன நல்ல நாள்னு அப்புறம் சொல்றேன். ஒரு நாள் லைன் வீட்டு ஓனர் வந்து, "இதை இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறேன், தெறப்பு விழாவுக்கு எல்லாரும் அவசியம் வந்துடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் ஜேசிபி வந்துச்சு. கடகட கடகட... தொம்! நாப்பது வருஷம் குடியிருந்த இடம், ஒரே தொம்முல போச்சு.

பொண்ணு ஒருத்தி திருப்பூர்ல இருந்தா. ஒரே ரூம்பு, அஞ்சு பேரு. "வாம்மா, இருக்கறதுல இருந்துக்கலாம்"னுதான் சொன்னா, பாவம். அங்காயி போய்ப் பாத்தா. அங்க அவ படுத்தா சம்பந்தியம்மா எந்திரிச்சு நிக்கணும். ரெண்டு நாள் இருந்தா. அப்புறம் "ஊர்ல வேலை கெடக்குது"ன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கிட்டா.

அங்க ஏற்கனவே ஆறு பேரு இருந்தாங்க. எல்லாம் கெழடு கட்டைங்க. அதுல டைலர் மரியசூசைன்னு ஒருத்தரு. தையல் மெஷின் இல்லை, வீடு இல்லை, ஆனா கழுத்துல இஞ்ச் டேப்பு மட்டும் தொங்கும். "துறையூர் பஸ் நிக்கற இடத்துக்குப் பக்கத்துல படுங்க ஆயா. அது எப்பவும் லேட்டாத்தான் வரும், பொகை கம்மி"ன்னு நல்ல இடமாப் பாத்துக் குடுத்தாரு. அது ஆடி மாசம். காத்து ஊ...ன்னு அடிக்குது. ஐப்பசி மழைக்குள்ள தலைக்கு மேல ஒரு கூரை கெடைக்கணும்னு அங்காயி வீடு தேடக் கெளம்பினா.

மொதல் வீடு. "வீடு வாடகைக்கு"ன்னு போர்டு தொங்குது. டொக் டொக்.

"எத்தனை பேரு?"ன்னு கேட்டா வீட்டுக்காரம்மா.

"நான் ஒருத்திதான்."

"ரொம்ப நல்லது, தண்ணி கம்மியா செலவாகும். வயசு?"

"எழுபத்திரெண்டு."

"அடடா, இந்த வீடு போன வாரமே போயிடுச்சே."

"போர்டு தொங்குதே?"

"அதுவா, அது பாட்டுக்குத் தொங்குது"ன்னு சொல்லிட்டு அந்தம்மா கதவைச் சாத்திக்கிச்சு. டப்.

அப்புறம் ரெண்டாவது வீடு. மாடி வீடு. "உங்களால படி ஏற முடியாதே"ன்னாரு வீட்டுக்காரரு. அங்காயி ஏறினா. தொம் தொம் தொம். எறங்கினா. தொம் தொம் தொம். இன்னொரு தடவை ஏறிட்டு மேல இருந்து, "வேற ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டா. அப்போதான் உண்மை வெளியில வந்துச்சு.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாட்டுக்கு நாள் சரியில்லாத நாள்ல இங்க செத்துட்டா, ஆறு மாசம் வீட்டை அடைச்சுப் போடணும். நாங்க எங்க போறது?"

கண்ணு, இதுதான் நான் சொன்ன நல்ல நாள் சமாச்சாரம். அவிட்டம், சதயம், ரேவதின்னு சில நட்சத்திரம் இருக்கு. அதுல ஒரு உசுரு போச்சுன்னா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. குடும்பமே வெளியேறி ஆறு மாசம் வீட்டைப் பூட்டி வைக்கணும். அதுக்குப் பேரு அடைப்பு. சாயங்காலம் யாராச்சும் போய் விளக்கு மட்டும் ஏத்திட்டு வரணும். நெசமான்னு கேக்காத, எனக்குத் தெரியாது. பயம் மட்டும் நெசம்.

அங்காயி யோசிச்சா. "நல்ல நாளாப் பாத்தே சாகறேன்"னா.

"அது உங்க கையிலயா இருக்கு?"

"வீடும்தான் என் கையில இல்லை"ன்னுட்டு எறங்கினா. தொம் தொம் தொம்.

ம். இன்னும் தூங்கலையா? நல்லது.

மூணாவது வீடு சிவக்கொழுந்து வீடு. அரிசி மண்டிக்காரரு, அம்பத்தெட்டு வயசு, ஆளு உரல் மாதிரி இருப்பாரு. ஏழு ரூம்பு வீட்டுல அவரும் அவரு சம்சாரம் சௌந்தரமும்தான். மூணு பசங்களும் ஆளுக்கொரு ஊர்ல. பின்கட்டுல ஒரு ரூம்பு சும்மா கெடந்துச்சு. "தர்றேன், ஆனா எழுத்து மூலமா வேணும்"னாரு. பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட்டு போட்டாங்க. சுவத்துல ஆணி அடிக்கறதில்லை. ஆட்டுக்கல்லு வைக்கறதில்லை. மூணாவதா, "மேற்படி பதினோரு மாசத்துக்குள் வாடகைதாரர் மேற்படி வீட்டுக்குள் சாகறதில்லை". அங்காயி கையெழுத்துப் போட்டா. சாட்சிக் கையெழுத்து மரியசூசை போட்டாரு. போட்டுட்டு, "பாத்து ஆயா, சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்"னாரு.

அங்காயியும் காப்பாத்தினா. தும்மல் வந்தாக்கூட வாசல்ல போய்த்தான் தும்மினா. ஒரு நாள் லேசாத் தலை சுத்துச்சு. உடனே எந்திரிச்சு காம்பவுண்டுக்கு வெளியில போய் ஓரமா உக்காந்துக்கிட்டா, சரியானதும் உள்ள வந்தா. பயந்து பயந்துதான் இருந்தா கண்ணு. சொந்த மூச்சுக்கு ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு இருக்கறது லேசுப்பட்ட பொழைப்பு இல்லை.

மூணு மாசம் போச்சு. ஐப்பசி வந்துச்சு. ஒரு மத்தியானம் சிவக்கொழுந்து சாப்பிட்டாரு, ஏவ்னு ஏப்பம் விட்டாரு, நெஞ்சைப் புடிச்சாரு, போயிட்டாரு. சதய நட்சத்திரம். அக்ரிமெண்ட்டுல அவரு சாகக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை.

அப்புறம் என்ன? காரியமெல்லாம் முடிஞ்சுது. பசங்க மூணு பேரும் வீட்டை அடைச்சாங்க. சடக்! பின்கட்டும் ஒரே கூரைதானே, அதையும் சேத்துத்தான். "ஆயா, நீங்களும் கெளம்புங்க"ன்னுட்டாங்க. மழை சோன்னு ஊத்துது. ஆரம்பத்துல பாத்தியே, பூட்டுக்கு இந்தப் பக்கம் பெட்டியோட நின்னாளே, அது இந்த நாள்தான். அவளுக்குப் போக்கிடம் இல்லை. பஸ் ஸ்டாண்டுல அன்னைக்கு முழங்கால் தண்ணி.

அப்போ வெளக்கு வைக்கற நேரம் வந்துச்சு. உள்ள போய் யாரு ஏத்தறது? பெரியவன் சாவியை வாங்கிட்டுப் போனான். ஒரு பல்லி ச்சு ச்சுன்னுச்சு. வந்துட்டான். நடுவுலவன் போனான். கொல்லையில தென்னமட்டை ஒண்ணு தொப்புன்னு விழுந்துச்சு. அவன் வந்த வேகத்துல ஒரு செருப்பு உள்ளயே நின்னுடுச்சு. சின்னவன் போகவே இல்லை, "எனக்கு ஜலதோஷம்"னுட்டான்.

சௌந்தரம் அழுது அழுது மூஞ்சி வீங்கி நின்னுக்கிட்டிருந்தா. கேட்டுக்குப் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டிருந்த அங்காயியைப் பாத்தா. "ஆயா, நீங்க ஏத்துவீங்களா?"

"ஏத்தறேன்மா. ஏத்திட்டு எங்க போறது?"

அடைச்ச வீட்டுக்குள்ள ஆள் தங்கலாமான்னு ஜோசியரைக் கேட்டாங்க. அவரு பஞ்சாங்கத்தை அப்படிப் பொரட்டினாரு, இப்படிப் பொரட்டினாரு. "குடும்பம் இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. ஒத்தைக் கெழவி இருக்கலாமா வேண்டாமான்னு ஒண்ணும் போடலை"ன்னாரு. எழுதினவங்களுக்கு அப்படி ஒருத்தி இருப்பான்னு தோணலை போல. அங்காயிக்கு அதைக் கேட்டுச் சுருக்குன்னுச்சு. ஆனா மழை பெய்யும்போது ரோஷம் பாக்க முடியுமா? சாவியை வாங்கிக்கிட்டா.

உள்ள போனா. பல்லி ச்சு ச்சுன்னுச்சு. "நீயும் வாடகைக்கா?"ன்னு கேட்டா. விளக்கேத்தினா. ஏழு ரூம்பு, ஏழு அகல். அன்னைக்கு நல்லாத் தூங்கினா கண்ணு.

மறுநாள் சௌந்தரத்துக்கிட்டச் சொன்னா: "ஏழு எடத்துல குனிஞ்சு நிமிந்தா என் இடுப்பு என்னத்துக்காகும்? ரூம்புக்கு ஒரு ஆள்னு வச்சா விளக்கு ஒழுங்கா எரியும். ஆறு பேரு எனக்குத் தெரிஞ்சவங்க, பஸ் ஸ்டாண்டுல தண்ணியில உக்காந்திருக்காங்க." அடைச்ச வீட்டுக்கு வர்றதுக்கு வேற யாரு இருக்கா? சௌந்தரம் சரின்னா. ஆறு பேரும் வந்தாங்க. மரியசூசை சிலுவை போட்டுக்கிட்டு அகலை ஏத்தினாரு. "விளக்குக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான்"னாரு.

மொத வாரம் தெருக்காரங்க அந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு அந்தப் பக்கமே வரலை. ரெண்டாவது வாரம் எட்டிப் பாத்தாங்க. மூணாவது வாரம், "கொஞ்சம் ரேடியோவைக் கொறைச்சு வைங்க"ன்னு சண்டைக்கு வந்தாங்க. அவ்வளவுதான், பேயெல்லாம் போயிடுச்சு.

ம் கொட்டு. ஆங்.

சௌந்தரம் எங்க போனா? மூணு பசங்க, ஆறு மாசம், ஆளுக்கு ரெண்டு மாசம். மாசா மாசம் விளக்குக்கு எண்ணெய் கொண்டாருவா. உள்ள வரக் கூடாதுல்ல, அதனால தன் வீட்டு கேட்டுக்கு வெளியில நின்னு அங்காயிகிட்டப் பேசிட்டுப் போவா. பெரியவன் வீட்டுல இருந்து வந்தப்போ, "ஹால்லதான் படுக்கை ஆயா. அவங்க டிவியை நிறுத்தினாத்தான் நான் படுக்கலாம்"னா. நடுவுலவன் வீட்டுல இருந்து வந்தப்போ, "மூணாவது மாடி. முழங்கால் கேக்கலை. ஒரு மாசமா எறங்கலை, இன்னைக்குத்தான் எறங்கினேன்"னா. சின்னவன் வீட்டுல இருந்து வந்தப்போ மொதல்ல எண்ணெயை நீட்டினா. அப்புறம் சொன்னா: "காலையில வேலைக்குப் போறப்போ என்னை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுப் போறாங்க அக்கா. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

அங்காயி கேட்டுக் கம்பிக்கு நடுவுல கையை விட்டு அவ கையைப் புடிச்சுக்கிட்டா. ஆயா, அக்கா ஆயிட்டதை ரெண்டு பேருமே கவனிக்கலை.

ஆறு மாசம் முடிஞ்சுது. சித்திரை மாசம், நல்ல நாள், நல்ல நேரம். மூணு பசங்களும் பூசணிக்காயோட வந்தாங்க. வந்து பாத்தா, ஏழு பேரும் மூட்டை முடிச்சைக் கட்டி, வீட்டைக் கழுவிவிட்டுட்டு, வரிசையா வெளியில நிக்கறாங்க. தலையில டிரங்குப்பெட்டியோட அங்காயி மொதல்ல நின்னா.

"அக்கா, உங்க அக்ரிமெண்ட்டு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, நீங்க ஏன் மூட்டை கட்டினீங்க?"ன்னா சௌந்தரம்.

"எனக்கு இருக்கு. இவங்களுக்கு இல்லையே"ன்னா அங்காயி. மறுபடியும் துறையூர் பஸ்ஸுக்குப் பக்கத்துலதான்னு அவ மனசைத் தேத்திக்கிட்டுத்தான் நின்னா.

பெரியவன் தொண்டையைக் கனைச்சான். "வீட்டை வித்துடலாம்மா. நீ இப்படியே ஆளுக்கு ரெண்டு மாசம் இருந்துக்க"ன்னான். நடுவுலவன் ஆமான்னான். சின்னவனும் ஆமான்னான். அவங்க மூணு பேரும் ஒத்துப்போனது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

சௌந்தரம் நேரா உள்ள போனா. ஏழு ரூம்பையும் சுத்தி வந்தா. கெணத்துல ஒரு வாளி தண்ணி எறைச்சு மூஞ்சியைக் கழுவினா. வீடு அவ பேர்லதான் இருந்துச்சு. பாசத்துல எழுதலை, அவ ஜாதகத்துக்குத்தான் மனை யோகம்னு ஜோசியர் சொல்லி எழுதினது. அந்த ஜோசியர் செஞ்ச ரெண்டு நல்ல காரியத்துல அது ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னு உனக்கே தெரியும்.

வெளியில வந்து, "நான் எங்கயும் வரலைடா"ன்னா. "எனக்கு ரெண்டு மாசம் ரெண்டு மாசமா வாழத் தெரியலை. போறப்போ அந்தப் பூசணிக்காயைக் குடுத்துட்டுப் போங்க, கொழம்பு வைக்கலாம்"னா.

அப்புறம் கேட்டுல ஒரு போர்டு மாட்டினா. "வீடு வாடகைக்கு. அறுபது வயசுக்குக் கீழ உள்ளவங்க கேக்க வேண்டாம்." போன வாரமே போயிடுச்சுன்னு அந்த வீட்டுல யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஏழு பேருக்கும் அக்ரிமெண்ட்டும் புதுசா எழுதினாங்க. சாட்சி மரியசூசைதான். ஆணி அடிச்சுக்கலாம். ஆட்டுக்கல்லு வச்சுக்கலாம். மூணாவதா, "வாடகைதாரர் எந்த நாளிலும் எந்த நட்சத்திரத்திலும் இந்த வீட்டுக்குள்ளேயே சாகலாம்".

அங்காயி அதை மூணு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. கேட்டுட்டு, டிரங்குப்பெட்டி மேலயே உக்காந்து ஓன்னு அழுதா. சாகலாம்னு எழுதிக் குடுத்ததுக்கு ஒருத்தி சந்தோஷத்துல அழுதான்னு சொன்னா உங்கம்மா நம்பமாட்டா. நீ நம்பு கண்ணு. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, சுவத்துல ஒரு ஆணி அடிச்சா. டங் டங் டங். அதுல புருஷன் போட்டோவை மாட்டினா.

செத்தாளான்னு கேக்கறியா? எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் அவளுக்கு அந்த ஞாபகமே வரலை. தும்மல் வந்தா வீட்டுக்குள்ளயே தும்மறா. ஹச்! அந்தப் பூட்டு? மறுபடியும் தைக்க ஆரம்பிச்ச மரியசூசை அதை, வெட்டி வச்ச துணி பறக்காம இருக்க மேல வச்சிருக்காரு.

அவ்வளவுதான். கதை உள்ள போய்ப் படுத்துக்கிச்சு, நீயும் கண்ணைச் சாத்து. பூட்ட வேண்டாம், சும்மா சாத்தினாப் போதும்.