தொழிலில் காலூன்றிய நால்வர்

கோணமேட்டில் நேராக நடக்கிற ஆளே கிடையாது. மூட்டை தூக்கிக் கூனியவர் பாதி, மூட்டை தூக்காமலே கூனியவர் மீதி. தூரத்தில் இருந்து பார்த்தால் கடைத்தெருவில் கேள்விக்குறிகள் காய்கறி வாங்குவது போல் இருக்கும். அதனால்தான் டாக்டர் சுகிர்தம் அந்த ஊராகத் தேடிப் பிடித்து வந்து, 'நேர்முதுகு கைரோபிராக்டிக் பயிற்சி நிலையம்' என்று பலகை மாட்டினார். மருந்து இல்லை, ஊசி இல்லை. முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி, 'டக்'கென்று சரிசெய்யும் வைத்தியம்.

முதல் வருஷம் நாலு பேர் சேர்ந்தார்கள். நாலு பேரும் ஆளுக்கு இருபது முழம் கயிற்றோடு வந்து நின்றார்கள்.

"கயிறு எதுக்கு?"

"இது கயிறு பிராக்டிஸ்தானே மேடம்?" என்றாள் கோமளவல்லி. யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறவள் அவள். அவளுக்குப் பக்கத்தில் தில்லைநாயகம். வாயைத் திறந்தால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு. அடுத்து எஸ்தாக்கி, தும்மினால்கூட மேடையில் தும்முவது போலத்தான் தும்முவான். கடைசியில் பிச்சைக்கனி, ஏலக்கடையில் வளர்ந்தவன், எதையும் ரெண்டு தடவை சொல்லுவான், ரெண்டு தடவை.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கே வெளியூர் போகவேண்டியிருந்தது. பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, தொழில் நடத்தை பற்றிய முதல் பாடத்தைப் படியில் நின்றபடியே நடத்தினார்.

"எல்லாரும் வெள்ளைக் கோட் போட்டிருக்கணும். நோயாளியோட முதுகுக்குப் பின்னால பேசக் கூடாது. நல்ல பேர் எடுக்கணும். அஸ்திவாரத்தைப் பலமா போட்டுத் தொழில்ல காலூன்றப் பாருங்க. முக்கியமா, நான் நாளைக்கு வர்ற வரைக்கும் யார் மேலயும் கை வைக்கக் கூடாது!"

பஸ் போய்விட்டது. நோட்டு இருந்தது.

முதல் வரியைக் கோமளவல்லி 'வெள்ளைக் கோடு' என்று எழுதியிருந்தாள். ஆகவே ஒருத்தர் முதுகில் ஒருத்தர், கழுத்திலிருந்து இடுப்பு வரை, மூன்று மூன்று சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டார்கள். நாலு அணில் வைத்தியம் பார்க்கத் தயார்.

பத்து மணிக்கு முதல் நோயாளி வந்தார். ஆவுடையப்பன், பஸ் கண்டக்டர். பின்படியில் தொங்கியபடி 'ஓடி வா, ஓடி வா' என்று பின்னால் பார்த்தே பழகியவர். ஒரு நாள் இடது தோளுக்கு மேல் போன தலை திரும்பி வரவில்லை.

"நாளைக் காலையில எனக்குக் கல்யாணம்" என்றார். குரலில் அழுகை. "பொண்ணு பார்க்கப் போனேன். அது காபி கொண்டுவந்தது வலது பக்கம். நான் பார்த்தது இடது பக்கச் சுவர். டம்ளரும் நாலு விரலும்தான் தெரிஞ்சுது. பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. நான் கழுத்து பிடிச்சிருக்குன்னேன். அதுல கிடந்த நகையைச் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க! மாமனார் கறாரா சொல்லிட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள என் பொண்ணை ஒரு தடவையாவது முகம் பார்க்கணும், இல்லைன்னா கல்யாணம் கிடையாதாம்."

"அழாதீங்க அண்ணாச்சி" என்றாள் கோமளவல்லி. "உங்க மேல கை வைக்காம குணமாக்கிடுறோம்."

"கால் வைக்கலாமா? கால் வைக்கலாமா?" என்றான் பிச்சைக்கனி.

"வேண்டாம்யா!" என்று பதறினார் ஆவுடையப்பன்.

ஆனால் வைத்தியம் தொடங்குமுன் ஒரு சிக்கல் வந்தது. முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது. இவருக்கு முதுகு எந்தப் பக்கம்?

"கனிவான கவனத்திற்கு" என்றான் தில்லைநாயகம். "முகம் இருக்கும் திசையே முன்பக்கம். எனவே இவரது முதுகு தற்சமயம் நெஞ்சு வழியாகச் சென்றுகொண்டிருக்கிறது."

"அன்பார்ந்த நோயாளியே! நண்பர்களே!" என்றான் எஸ்தாக்கி. "பொத்தான் எங்கே இருக்கிறதோ அதுவே முன்பக்கம்! இது என் கருத்தல்ல, தையல்காரர்களின் தீர்ப்பு!"

"அப்ப சட்டையைத் திருப்பிப் போட்டா? திருப்பிப் போட்டா?"

ஆவுடையப்பன் தானே சட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பொத்தான் வரும்படி மாட்டிக்கொண்டார். இப்போது முகமும் பொத்தானும் ஒரே பக்கம்.

"கழுத்து குணமாயிடுச்சு!" என்று கோமளவல்லி குதித்தாள். "எங்கே, நடந்து காட்டுங்க."

அவர் நடந்து காட்டினார்.

"அடப்பாவமே, பின்னால நடக்கிறாரே! கழுத்து சரியாகி, வியாதி காலுக்கு இறங்கிடுச்சு!"

ஆவுடையப்பன் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார். முதல் முயற்சியில் வைத்த இடம் காது.

கோமளவல்லி நோட்டைப் புரட்டினாள். "நாம இன்னும் நல்ல பேர் எடுக்கல. அதான் கைராசி வரல." உடனே பிச்சைக்கனியும் எஸ்தாக்கியும் கிளம்பினார்கள். கடைத்தெருவில் எந்தப் பேர் நல்ல பேர் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போய், மூன்று கடைகளின் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் மிக நல்ல பேர் 'செண்பகவடிவு மாவு மில்'.

"ஐயோ, அது என் பொண்ணு பேரு!" என்று அலறினார் ஆவுடையப்பன். "மாமனாரோட மில்லு!"

"பார்த்தீங்களா? எவ்வளவு நல்ல பேரு!"

மிச்சம் இருந்தது அஸ்திவாரம். பாதி எழும்பி நின்ற புதுக் காம்பவுண்டுச் சுவர் வேலைக்கு மேடம் வாங்கிப்போட்ட சிமெண்டு மூட்டைகள் முற்றத்தில் இருந்தன. முட்டளவு குழி வெட்டி, கலவையைக் கொட்டி, நாலு பேரும் இறங்கிக் காலை ஊன்றினார்கள்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள் கோமளவல்லி. "தொழில் இவ்வளவு சுகமா இருக்கும்னு நினைக்கவே இல்ல."

சாயங்காலத்துக்குள் தொழில் இறுகிவிட்டது.

அப்போதுதான் மாவு மில் குற்றாலிங்கம் காணாமல்போன பலகையைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூடவே மகள் செண்பகவடிவு. வாசல் இருந்தது ஆவுடையப்பனுக்கு வலது பக்கம். பக்கத்தில் எதிர்டீக்கடைக்காரர், நடக்கப்போவதைப் பார்க்க.

குற்றாலிங்கம் பலகையைப் பார்த்தார். குழியில் நட்டுவைத்த நாலு பேரைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்னவே இது? சட்டை ஒரு பக்கம் போகுது, ஆளு ஒரு பக்கம் போறீரு! இப்பவும் எம்பொண்ணைப் பாக்கமாட்டேங்கீரே!"

"மாமா, கழுத்து பிடிச்சிருக்கு மாமா!"

"மறுபடியும் நகையா? கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

"மாப்பிள்ளை கழுத்தை இழுத்துவிடுங்களேன்ப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

"கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள் கோமளவல்லி. "தவிர, நாங்க தொழில்ல இருக்கோம். நகர முடியாது."

செண்பகவடிவு இரண்டு அடி முன்னால் வந்தாள். ஆவுடையப்பன் இடது பக்கச் சுவரைப் பார்த்தபடி, "வளையல் சத்தம் கேட்குது" என்று முணுமுணுத்தார். "அந்த நாலு விரல்தானே?" அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பொத்தான் மேல் விழுந்தது. அவளுக்கு அவர் பின்மண்டைதான் தெரிந்தது. பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

"அப்பா, போலாம்."

"ரைட்!"

பன்னிரண்டு வருஷப் பழக்கம். 'போலாம்' என்று காதில் விழுந்ததும் ஆவுடையப்பன் வாய் கத்தியது. வாய் கத்தியதும் தலை வலது பக்கம் சுண்டியது. 'டக்!' சத்தம் டீக்கடை வரை கேட்டது.

அவர் செண்பகவடிவைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏனென்றால் கழுத்து இப்போது வலது பக்கம் பிடித்துக்கொண்டது.

"பொண்ணு பிடிச்சிருக்கு மாமா!"

"ஏலே, இமைகூடக் கொட்டமாட்டேங்காரே!" என்று குற்றாலிங்கம் உருகிவிட்டார். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போனார். மாப்பிள்ளை வலது பக்கமே பார்த்து நடந்ததில் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

நால்வருக்கும் டீக்கடைக்காரர் பன்னும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். "ஓடிப்போகாத வாடிக்கைன்னா இதுதான்" என்றார்.

மறுநாள் மதியம் சுகிர்தம் மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கினபோது வாசலில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பொண்ணு. பக்கத்தில் வெட்கத்தில் நெளிந்தபடி குற்றாலிங்கம்.

"காப்பாத்துங்கம்மா. தாலி கட்டுத வரைக்கும் பொண்ணு வலது பக்கம், எல்லாம் நல்லாத்தான் போச்சு. கட்டினதும் முறைப்படி இடது பக்கம் மாறிட்டா. அந்த வலது பக்கம் நான் போய் நின்னுட்டேன். அப்பலருந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு! பந்தியில எனக்குச் சோறு இறங்கல. ஊரே சிரிக்குதும்மா."

மேடம் பையைக் கீழே வைத்தார். ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில். 'டக்!' தலை நேராக வந்தது. ஆவுடையப்பன் மெல்ல, சொந்தமாக, இடது பக்கம் திரும்பினார்.

"அடடே! இந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்கியா!" என்றார். செண்பகவடிவு சிரித்துக்கொண்டே அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் மேடம் முற்றத்துக்குள் போனார். நாலு அணில்கள், முட்டளவு சிமெண்டில்.

"தொழில்ல காலூன்றிட்டோம் மேடம்!"

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க நாலு பேரையும் வச்சுக்கிட்டு நான் எங்கே போய் முட்டிக்கிறது?" என்றார்.

கோமளவல்லி எழுதிக்கொண்டாள். நால்வரும் கூடி ஆலோசித்தார்கள்.

"கனிவான கவனத்திற்கு. வீட்டுச் சுவரில் பூச்சு வழவழப்பு. முட்டுவதற்கு உகந்தது புதுக் காம்பவுண்டுச் சுவர்."

"ஆனால் நண்பர்களே! நமது மேடம் அலுத்து வந்திருக்கிறார்! அவர் ஏன் சுவரைத் தேடி நடக்க வேண்டும்?"

"கயிறு இருக்கு! கயிறு இருக்கு!"

மேடம் "டேய், டேய்!" என்று கத்துவதற்குள் நாலு கயிறும் பறந்துபோய்க் காம்பவுண்டுச் சுவரின் ஓட்டைகளில் மாட்டிக்கொண்டன. காலூன்றி நிற்பவர்களுக்கு எவ்வளவு பலம் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. முதல் இழுப்பில் தூசி. இரண்டாவதில் விரிசல். மூன்றாவதில் மேடம் வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, தாலி கட்டிய ஜோடியையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

புழுதி அடங்கியபோது முற்றத்தில் நேராக நின்றவர்கள் அந்த நாலு பேர்தான். கோமளவல்லி வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, ஓடுகிறவரைக் கூப்பிட்டாள்:

"மேடம்! சுவர் வந்துடுச்சு! நீங்கதான் பாக்கி!"