அரை டிக்கெட் பார்க்கிற இடம்

“என் மூளையைக் கழத்தி ஜெயசீலி தலையில மாட்ட ஒரு வழி இருந்தா சொல்லுங்க டீச்சர்,” என்றான் இசக்கிமுத்து.

டீச்சர் என்று அந்த ஆபீசில் எல்லோரும் கூப்பிட்டது மெஹருன்னிஸாவை. இசக்கியைவிட வயதில் இளையவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். இப்போது தனியார் பேருந்துகளின் டிக்கெட் மெஷினுக்கு நிரல் எழுதும் அந்தக் கம்பெனியில் இருந்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அவரிடம் இசக்கி போனான் என்றால் வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை அவன் தங்கை செண்பகத்தின் இளைய மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

மூத்தவளுக்குக் குத்தியபோது, ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன் வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. செண்பகம் சண்டை போடவில்லை; போட்டிருந்தால் தேவலை. இப்போது விசேஷத்துக்குச் சொல்ல வந்தவள், இந்தத் தடவையும் எழுந்து போவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, வேறு யாரையாவது உட்கார வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போன் வரக் காரணம் நிரலில் இருந்த ஒரே ஒரு மெத்தட். எந்தப் பயணிக்கு எவ்வளவு கட்டணம் என்று மெஷினுக்குச் சொல்லும் பகுதி அது. இசக்கி எழுதியது. எழுதிய அன்று சின்னதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் ‘இப்படி இருந்தால் இப்படி’ என்று ஒரு ‘இஃப்’ சொருகிச் சொருகி, இப்போது திரையில் உருட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஓரிடத்தைத் தொட்டால் வேறோரிடத்தில் புகையும். அவனைத் தவிர யாரும் கிட்டே போக மாட்டார்கள். அதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“வெள்ளிக்கிழமை எனக்குப் பதிலா இதைப் பாக்க ஜெயசீலிக்கு ஒரு வாரமா சொல்லிக் கொடுக்கேன். அவளுக்கு வெளங்கவே மாட்டேங்கு. மெத்தட் நீளமா இருக்காம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

டீச்சர் நாற்காலியைத் திருப்பி, அந்த மெத்தடைத் திரையில் திறந்தார்.

“கீழ டீக்கடையில போய் உக்காருங்க அண்ணாச்சி. இன்னைக்கே வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்கோங்க. மடியில பிள்ளை இருக்கு. நான்தான் ஜெயசீலி. போன் பண்ணுதேன்.”

கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனிடம் இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினான். பெஞ்சில் உட்கார்ந்ததுமே போன் அடித்தது.

“அண்ணாச்சி, தென்காசி வண்டியில ஒரு பொடிப்பயலுக்கு முழு டிக்கெட் விழுது. பஸ்ஸே சண்டை போடுது.”

“அரை டிக்கெட் பாக்கிற இடத்துக்குப் போங்க.”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“தேடிட்டேன். அப்படிப் பேர் போட்ட இடம் எதுவும் இல்லையே.”

“இருக்கு டீச்சர். லக்கேஜ் போடுற இடத்துக்குக் கொஞ்சம் கீழ.”

மறுபடி சத்தம்.

“லக்கேஜ் போடுற இடமும் இல்லையே.”

“திருவிழாக் கட்டணம் கூட்டுற இடம் வரும்லா, அதைத் தாண்டி வாங்க.”

“அதுவும் இல்லை.”

இசக்கிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஜெயசீலிதான் அப்படி என்றால், பாடம் நடத்தினவருக்குமா கண் தெரியவில்லை?

“டெம்ப் ரெண்டுன்னு நான் பேர் வச்ச ஒரு எண் இருக்கும். அது மூணா இருந்தா அரை டிக்கெட். நாலுன்னா தொட்டுராதீங்க, அது வேற.”

“டெம்ப் ரெண்டு எங்க பாத்தாலும் இருக்கு. இதுல எது?”

“வைங்க போனை. நானே வாரேன்.”

கடைக்காரர் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை. படியேறி மூச்சிரைக்க வந்தான். டீச்சரைத் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரையை உருட்டினான். கீழே போனான், மேலே வந்தான், மறுபடி கீழே போனான். ஒருவழியாக நிறுத்தி, சுட்டுவிரலை ஒரு வரியிலும் கட்டைவிரலை அதற்குக் கீழே இன்னொரு வரியிலும் வைத்து அழுத்தினான்.

“இந்தா இருக்குல்லா. இங்க இருந்து இதுவரைக்கும் அரை டிக்கெட் பாக்கிற இடம். இல்லை இல்லைன்னு சொல்லுதீங்க.”

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. அவன் ஏறி வந்த படிக்கட்டைப் பார்த்தார்.

“மடியில பிள்ளை இருந்துச்சே அண்ணாச்சி. யார் கையில கொடுத்துட்டு வந்தீங்க?”

இசக்கி படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.

தன் விரல்களுக்கு நடுவில் இருந்த வரிகளைப் பார்த்தான். பிறகு, விரல்களை எடுக்காமலே, மறுகையால் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரிகளுக்குப் பெயராக ‘அரை டிக்கெட்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினான்.