மைனாச் சபை எழுந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் நம்மைப் போலப் பேச்சு இருந்தபோது, மைனாக்கள் ஓர் அரச மரத்தில் சபை நடத்தின. சபை என்று பேர்தானே தவிர, தலைவன் மஞ்சமூக்கனைத் தவிர வேறு யாரும் அங்கே வாயைத் திறக்கக் கூடாது. அவன் கேட்டதற்குச் சம்மதம் என்றால் மேலே பறக்க வேண்டும். இல்லையென்றால் கிளையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஒருநாள் மஞ்சமூக்கன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எதிர் மரத்துப் பொந்தையெல்லாம் கிளிகள் பிடித்துக்கொண்டன. சண்டைக்குப் போகலாம் என்பவர்கள் எழுங்கள்" என்றான்.

வெள்ளச்சி என்ற மைனா தன் கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பொந்தில் முட்டைகள் இன்றோ நாளையோ பொரியும் நிலையில் இருந்தன. சண்டையே வேண்டாமென்று கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைசிக் கிளையிலிருந்த கருப்பண்ணன் விருட்டென்று எழுந்தான். அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவன் எழுந்தான். பறவை குணம்தான் தெரியுமே, பக்கத்தில் ஒன்று பறந்தால் புத்தி யோசிப்பதற்குள் இறக்கை விரிந்துவிடும். கண் இமைப்பதற்குள் மரமே காலி. வெள்ளச்சியும் வானத்தில்தான் இருந்தாள்.

"ஒருத்தர்கூட மறுக்கவில்லை" என்று மஞ்சமூக்கன் பூரித்துப்போனான். சபை முடிவெடுத்தபின் பின்வாங்கினால் மானம் போய்விடுமாம். எல்லோரும் கிளம்பினார்கள்.

கிளியின் அலகு என்ன சும்மாவா? பலர் திரும்பவேயில்லை. மற்றவர்கள் இறகு பிய்ந்து வந்து பார்த்தால், காவலில்லாத கூடுகளைச் சாரைப்பாம்பு துடைத்து வைத்திருந்தது. வெள்ளச்சியின் பொந்தில் வெறும் பஞ்சுதான் கிடந்தது.

மறுநாள் சபையில் அவள் சட்டத்தை மீறி வாயைத் திறந்தாள். "யாருக்குய்யா சண்டை வேணும்னு இருந்துச்சு?"

"நீ எந்திரிச்சே, நானும் எந்திரிச்சேன்" என்று ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார்கள். கடைசியில் கருப்பண்ணன் முறை வந்தது.

"என்னைக் கட்டெறும்பு கடிச்சிருச்சு அக்கா. அதான் எந்திரிச்சேன்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

வெள்ளச்சி விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்ததும் தலைவனைப் பார்த்துத் திரும்பினாள். "இனிமே இங்க இறக்கை பேசக் கூடாது, வாய்தான் பேசணும். கடைசி ஆள் சொல்லி முடிக்கிறவரைக்கும் சண்டை கிடையாது." மஞ்சமூக்கனும் சரியென்று தலையை ஆட்டினான்.

அன்று முதல்தான் அந்தி சாய்ந்ததும் மைனாக்களெல்லாம் ஒரே மரத்தில் கூடி அந்தக் கத்துக் கத்துகின்றன. கிளிகளோடு சண்டைக்குப் போவதா வேண்டாமா என்ற பழைய பேச்சுத்தான். எல்லோரும் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது, அப்படியே தூங்கிவிடுகின்றன. இன்றுவரை ஒரு மைனாகூடச் சண்டைக்குப் போகவில்லை.