கேட்காமல் வெட்டிய பதினொரு காய்கள்

அன்றைக்கு அறைக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். மூட்டை எடை போடும் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர்தான் எங்கள் மொட்டைக்குளம் சதுரங்க மன்றத்தின் தலைவர். பஞ்சர் ஒட்டும் தங்கப்பழம். டீக்கடை பட்டுராசன். காய்ப்பெட்டிக்குப் பொறுப்பான நான். ரைஸ்மில் முதலாளி தவசிமுத்து. திருநெல்வேலியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் ஜெபராணி டீச்சர். எங்களைத் தோற்கடிப்பதற்காக வேப்பங்குளத்திலிருந்து வந்திருந்த ஆறுமுகநயினார். ஆள் ஏழு, நாற்காலி இரண்டு, காய் முப்பத்திரண்டு. ஆட்டம் தொடங்குமுன் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஏன் இத்தனை பேர் கூடினோம் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் மன்றம் ரைஸ்மில்லின் பின்னறையில் ஆறு வருடமாக நடக்கிறது. இந்த ஆறு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட ஓர் ஆட்டம் ஜெயித்ததில்லை. வெளியூர்க்காரர் யாரும் ஆட வந்ததில்லை; எங்களுக்குள் ஆடினாலும் ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டைக்குளத்தில் அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடமாட்டோம். வேலியோரம் கிடக்கிற முருங்கைக்காயாக இருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்டுத்தான் எடுப்போம். பலகையிலும் அதே முறைதான்.

"பட்டுராசா, ஒன் யானையை எடுத்துக்கிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத் தேவைப்படும்."

"சரிப்பா."

இப்படியே காய்கள் நகர்ந்து நகர்ந்து நடுவில் கூட்டம் கூடிவிடும். யாருக்கும் அசைய இடமிருக்காது. "இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று பெட்டியில் அள்ளிப் போடுவோம். ஒருமுறை பட்டுராசன் கடையில் நல்ல வியாபாரம் நடந்த சந்தோஷத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டான். சுடலைமுத்து அண்ணாச்சி மறுநாளே வேறொரு சிப்பாயாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன் வைக்கிற ஆள் இல்லை அவர்.

போன மாதம் முதலாளி உள்ளே வந்து மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"தவிடு வைக்க எடமில்ல. நீங்க இங்க என்னத்தக் கிழிக்கீங்க? வேப்பங்குளத்தான் ஒருத்தனை வரச்சொல்லுதேன். ஒரே ஆட்டம். ஜெயிச்சா அறை ஒங்களுக்கு. தோத்தா தவிட்டுக்கு."

சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டில் அவர் ஒருவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவருக்குப் போக இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. அன்று இரவு அவர் பூட்டையும் சாவியையும் தனித்தனியாகத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

அதனால்தான் ஜெபராணி டீச்சரை அழைத்தோம். சின்னப் பெண். வந்ததும் நாங்கள் ஆடுவதை தாடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை நடுவில் காய்கள் கூட்டம் கூடியதும் கேட்டார்.

"ஏன் யாரும் எதையும் வெட்டவே இல்ல?"

"கேட்டேன் டீச்சர். தரமாட்டேங்கான்" என்றான் தங்கப்பழம்.

"கேக்கக் கூடாதுங்க. கேக்காமலே எடுக்கணும்."

பட்டுராசன் மெதுவாகச் சொன்னான்: "கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேரு இருக்கு டீச்சர். ஸ்டேஷன்ல எழுதுவாங்க."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மூன்று பாடம் சொன்னார். ஒன்று, கேட்காமல் வெட்டுங்கள், வெட்டிய காயை வெளியே வையுங்கள். இரண்டு, தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பாருங்கள். மூன்று, காயை நகர்த்துவதற்கு முன் எதிராளி இடத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்குப் பலகை எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். சொல்லிவிட்டு, போட்டியன்று நடுவராக வருவதாக ஒப்புக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

மறுநாளே ஆரம்பித்தோம்.

முதல் காயைத் தங்கப்பழம்தான் வெட்டினான். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டான். வெளியே கொண்டுபோய் மில் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெயில் சுள்ளென்று இருந்தது.

"சிப்பாய் பரவாயில்ல. குதிரையை எப்படி வெயில்ல நிப்பாட்டுறது?" என்றான் பட்டுராசன்.

"வெளியே வைக்கச் சொன்னாங்களே தவிர, வெயில்ல வைக்கச் சொல்லலியே" என்றார் அண்ணாச்சி.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு தொட்டியின் மேல் என் குடையை விரித்துக் கட்டினோம்.

அந்த ஆட்டத்தில் தங்கப்பழம் தோற்றான். மன்றத்தின் முதல் தோல்வி. ஆறு வருடத்தில் இப்படி ஒரு முன்னேற்றத்தை நாங்கள் பார்த்ததில்லை. உடனே இரண்டாம் பாடத்தின்படி அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடினோம். ஒரு காய் பிசகாமல் அதே ஆட்டம். அதே இடத்தில் தங்கப்பழம் மறுபடியும் தோற்றான்.

"எங்கேயாவது தப்பு வந்துச்சா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணும் வரல. முந்தி தோத்த மாதிரியே அச்சாத் தோத்திருக்கான்" என்றான் பட்டுராசன்.

தங்கப்பழத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. போட்டி வரும்வரை தினமும் தோற்றான். கடைசியில் பலகையைப் பார்க்காமலே தோற்கும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனாலும் போட்டிக்கு அண்ணாச்சியைத்தான் உட்கார வைத்தோம். அறை போனால் அதிகம் போவது அவருக்குத்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அண்ணாச்சிக்கு வெள்ளை. ஆறுமுகநயினாருக்குக் கறுப்பு. முதல் காயைத் தொடுவதற்கு முன்பே அண்ணாச்சி எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றார்.

"என்ன வே?"

"கொஞ்சம் எந்திரிச்சா ஒங்க எடத்துல உக்காந்து பாத்துக்கிடுவேன்."

"என் மடியில உக்காரவா வந்தீரு?"

"மடியெல்லாம் வேண்டாம். நாற்காலி போதும்."

ஆறுமுகநயினார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரைப் பார்த்தார். ஆறுமுகநயினார் எழுந்தார். அண்ணாச்சி உட்கார்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, தன் இடத்துக்குத் திரும்பி ஒரு சிப்பாயை நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். காயை வெட்டினால் கூடுதலாகத் தொட்டிவரை போய்வர வேண்டும்.

"எங்க வே கொண்டு போறீரு என் மந்திரியை?"

"நெழல்லதான் இருக்காரு. கவலைப்படாதீங்க."

ஆறுமுகநயினார் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் கனத்த உடம்பு. எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வெட்டக் கொடுத்தால் இவர் வெளியே போவாரே, அந்த நேரம் உட்காரலாமே என்பதற்காகவே இரண்டு காய்களைக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது. அவரும் எங்களுடையதில் ஏழு காய்களை எடுத்தார். கேட்கவில்லை. வெளியூர் வழக்கம் என்று விட்டுவிட்டோம்.

பதினோராவது காயைத் தொட்டியில் வைத்துவிட்டு வந்த அண்ணாச்சி, எதிராளி தன் காயை நகர்த்துமுன்பே மறுபடியும் அவர் இடத்தில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். இந்தமுறை ரொம்ப நேரம் யோசித்தார். நிற்க முடியாமல் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அண்ணாச்சி அவர் கண்ணால் பலகையைப் பார்த்துப் பார்த்து, தான் ஆறுமுகநயினாராகவே ஆகிவிட்டார்போல. கறுப்புக் குதிரையை எடுத்து ஓர் ஓரத்தில் வைத்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நல்ல ஆட்டக்காரர் என்று சொன்னேன் அல்லவா? கண்ணெதிரே வழி தெரிந்தால் அப்படிப்பட்டவர்களுக்குக் கை நிற்காது. வெள்ளை ராணியைத் தூக்கி டப்பென்று வைத்தார்.

"செக்மேட்! எப்படி வே? எங்கிட்டயா?"



தவசிமுத்து முதலாளி குனிந்து பலகையைப் பார்த்தார். "டீச்சர், யாரு ஜெயிச்சா?"

டீச்சர் பலகையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "வெள்ளை" என்றார்.

"வெள்ளை யாரு காய்?"

"எங்க காய்" என்றோம் நாங்கள்.

"நான்தானே வே ஜெயிச்சேன்!" என்று ஆறுமுகநயினார் கத்தினார்.

"யாரு இல்லைன்னா? நல்லா ஜெயிச்சீங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் அண்ணாச்சி. அண்ணாச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "எடுத்துத் தொலைங்க" என்று அறைச் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போனார். டீச்சர் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

ஆறுமுகநயினாரும் செருப்பைத் தேடினார். அப்போதுதான் தங்கப்பழம் சொன்னான்: "அண்ணாச்சி, அறை கெடச்சிட்டு. ஆனா தொட்டியில பதினொண்ணு நிக்குதே. அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்தது."

"ஆட்டத்துக்காக எடுத்தோம். ஆட்டம் முடிஞ்சிட்டு. இனி வச்சிருந்தா தப்பு" என்றான் பட்டுராசன்.

அண்ணாச்சி முற்றத்துக்குப் போய் பதினொரு காய்களையும் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தப்பா நெனைக்கக் கூடாது. கேக்காம எடுத்துட்டேன்."

"இது ஒங்க பெட்டியில உள்ள காய்தானே வே?"

"பெட்டி எங்களுது. காய் நீங்க ஆடுனது."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வாழைப்பழத்தையும் காய்களையும் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எங்களிடம் எடுத்த ஏழு காய்களையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். பெருந்தன்மையான மனுஷன்.

கறுப்பில் மிச்சமிருந்த ஐந்தை நாங்கள் எடுக்கவில்லை. அவையாகவே எங்கள் பலகையில் தங்கிவிட்டன. தங்கியவரைப் போகச் சொல்வது மரியாதை இல்லை.

அன்று சாயங்காலம் சொந்த அறையில், சொந்தச் சாவியோடு ஆட உட்கார்ந்தோம். வெள்ளை பதினாறு, கறுப்பு ஐந்து.

"இது நியாயமில்லையே. பதினாறு பேரு சேந்து அஞ்சு பேரை அடிக்கதா?" என்றான் தங்கப்பழம்.

"எல்லாத்தையும் கலந்து சரிபாதியாப் பிரிச்சிருவோம்" என்றார் அண்ணாச்சி.

எண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெட்டியில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எடுத்து, ஒனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்தேன். இருபத்தொரு காய். ஆளுக்குப் பத்து. ஒன்று கையில் நின்றது. கறுப்பு ராசா.

மத்தியானம் தோற்றவர் அவர்தான். பலகையைப் பார்த்தால் வருத்தப்படுவார் என்று மூலையில் கிடந்த ஒரு தவிட்டு மூட்டையின் மேல் உட்கார வைத்தோம். பட்டுராசன் வெற்றிக்காக டீ கொண்டுவந்தான். எங்கள் நால்வருக்கும் நான்கு, ராசாவுக்கு ஒன்று.

நாங்கள் குடித்துவிட்டோம். அவர் குடிக்கவில்லை.

"ஆறுதே, நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று தங்கப்பழம் ராசாவிடம் கேட்டான். பதில் இல்லை. அண்ணாச்சியும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

அறையைப் பூட்டுமுன் வழக்கம்போல எண்ணினேன். பெட்டியில் காய் இருபது. மூட்டையின் மேல் மீதி: ராசா ஒன்று, டீ ஒன்று.