ஆண் என்று சொன்ன பிறகு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடனுக்கு ஐம்பத்திரண்டு. கரட்டுமலையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

சீடன் பெயர் செங்கோடன். கோட்டையில் இருபத்திரண்டு வருடம் வில் பிடித்தவன். அவன் அம்பு குறி தப்பியது என்று எதிரிகூடச் சொன்னதில்லை. படையை விட்டதும் ஊருக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு அது ஒத்துவரவில்லை. பன்றியை அடிக்க யாரிடமும் கற்கலாம், கரடியை அடிக்க வெள்ளச்சியிடம்தான் கற்க வேண்டும் என்று கோட்டையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான்.

வெள்ளச்சி தனியாக வேட்டைக்குப் போகிறவள். ஆளை அடித்த கரடியைத் தவிர வேறு கரடியைத் தொடமாட்டாள். அவள் வில்லெடுத்த நாள்முதல் ஒரு பெண் கரடிகூட விழுந்ததில்லை. கழுகுக் கண் என்றார்கள் ஊரார். செங்கோடன் அந்தக் கண்ணைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தான்.

ஒரு வருடம் அவன் கையில் அவள் வில்லைக் கொடுக்கவே இல்லை. பாறை மறைவில் உட்காரவைத்துக் கரடிகளைக் காட்டினாள். புற்றைத் தோண்டும் கரடி, நாவல் மரத்தடியில் மேயும் கரடி, ஓடைக்கு வரும் கரடி. பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. படையில் ஆயிரம் பேருக்கு நடுவில் தலைவனைக் கண்டுபிடித்து அடித்தவனுக்கு இது கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

வருடக் கடைசியில் ஒருநாள் வெள்ளச்சி கேட்டாள்.

"சொல்லுங்க படைக்காரரே. ஆணை எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

வயதில் மூத்தவன் என்பதால் அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. சீடன் என்றும் சொன்னதில்லை.

"தலை அகலமா இருந்தா ஆண், தாயே. காது சின்னதா, ரெண்டு பக்கமும் தள்ளித் தெரிஞ்சா ஆண். கழுத்தும் தோளும் ஒண்ணாச் சேர்ந்து திமில் மாதிரி மேடு கட்டியிருந்தா ஆண். உடம்பு பெருசா இருந்து, எவனுக்கும் பயமில்லைன்னு அசைஞ்சு நடந்தா ஆண்."

"பொண்ணு?"

"முகம் ஒடுக்கம். காது எடுப்பாத் தெரியும். நாலடிக்கு ஒருதரம் நின்னு திரும்பிப் பார்க்கும்."

"எல்லாம் சரி" என்றாள் வெள்ளச்சி. "இந்தப் பாடத்தைக் கரடிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

செங்கோடன் சிரித்தான். குரு பகடி பேசினால் பாடம் முடிந்தது என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டான்.

பாடத்தில் ஒன்று மட்டும் அவனுக்குச் செரிக்கவில்லை. அந்த மலையில் கரடியின்மேல் நாணிழுத்தவன் அம்பை விடுமுன் ஆண் என்று வாய்விட்டு, சத்தமாகச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டவன் மறுபடி வில்லைத் தொடக்கூடாது.

"சத்தம் கேட்டுக் கரடி ஓடிட்டா, தாயே?"

"ஓடட்டும்."

அவள் எழுந்து குடிசையைப் பார்த்து நடந்தாள். அவனும் பின்னால் போனான்.

இலுப்பை பூத்தது. விடியும் முன்னே தோப்பில் பூ கொட்டும். ஊர் முழுக்கக் கூடையோடு போய்ப் பொறுக்கும். அந்தப் பூவும் கொட்டையும்தான் ஊருக்கு வருடம் முழுக்கச் சோறும் விளக்கும். கரடிக்கும் அந்தப் பூ என்றால் உயிர். இருட்டில் குனிந்து பொறுக்கிய சடையன் என்பவன், எதிரில் குனிந்து தின்றுகொண்டிருந்த கரடியின்மேல் இடித்துக்கொண்டான். இடது கன்னம் காதுவரை கிழிந்துபோயிற்று. பிழைத்தது பெரிய காரியம்.

ஊர் மூப்பன் நல்லான் வெள்ளச்சியின் குடிசைக்கு வந்தான்.

"ஒண்டிக் கடுவனாம், தனியாத் திரியற ஆண் கரடி. முகத்துக்கு முகம் பார்த்தேங்கறான் சடையன். அதை அடிக்கணும். மூணு நாள் பார்ப்பேன். விழலைன்னா கீழேயிருந்து நாய்க்காரங்களைக் கூப்பிடுவேன்."

நாய்க்காரர்கள் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அறுபது நாய், முப்பது ஈட்டி. கறுப்பாக அசைவது எதுவானாலும் குத்திவிட்டுத்தான் என்னவென்று பார்ப்பார்கள். பிறகு அந்த மலையில் கரடி என்பது பேச்சில் மட்டும்தான் இருக்கும்.

வெள்ளச்சி செங்கோடனைப் பார்த்தாள். உள்ளே போய் அவன் வில்லை எடுத்துவந்து கொடுத்தாள்.

"நீங்க போங்க."

செங்கோடனுக்கு மார்பு விம்மியது. "நீங்க வரலையா, தாயே?"

"தோப்புக்கு வழி தெரியாதா உங்களுக்கு?"

முதல் நாள் கரடி வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. பொழுது ஏறிய பிறகு வெறுங்கையோடு திரும்பியபோது மூப்பன் இரண்டு விரலை மடக்கிக் காட்டினான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் செங்கோடன் தோப்பின் விளிம்பில் ஒரு பாறைமேல் நின்றான். பாறைக்குப் பின்னால், பள்ளத்தில், மூப்பனும் சடையனும் ஊர் ஆட்கள் பத்துப் பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருந்த இடத்திலிருந்து தோப்பு தெரியாது. அம்பு போனபிறகுதான் மேலே வரவேண்டும் என்பது ஏற்பாடு.

கிழக்கு வெளுக்கும்போது அது வந்தது.

ஒரு வருடத்தில் அவ்வளவு பெரிய கரடியை அவன் பார்த்ததில்லை. தோளுக்குமேல் திமில் மாதிரி மேடு. அசைந்து அசைந்து, ஊரே தன்னுடையது என்பதுபோல நடந்துவந்தது. நேராக நடு மரத்தடிக்குப் போய்ப் பூக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

முகம் தெரியவில்லை. காது தெரியவில்லை. ஆனால் மேடு தெரிந்தது. நடை தெரிந்தது. அந்த உருவம் போதாதா? இதன் தோலை விரித்தால் மூப்பன் வீட்டுத் தரை முழுக்க நிறையும். கோட்டைக்கும் சேதி போகும். செங்கோடனுக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன வாயெல்லாம் மூடும்.

அம்பைத் தொடுத்தான். காதுவரை இழுத்தான்.

"ஆண்!" என்றான் கணீரென்று.

பின்னால் பள்ளத்தில் யாரோ "ஆகா" என்றார்கள்.

சத்தம் கேட்டுக் கரடி தலையைத் தூக்கியது. முகம் ஒடுக்கமாக இருந்தது.

அதன் முதுகு மேடு அசைந்தது. கறுத்த மயிருக்குள்ளிருந்து வெளிறிய மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டு குட்டிகள் தாயின் சடைமயிரைக் கைநிறையப் பிடித்துக்கொண்டு, அதன் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. திமிலும் இல்லை, பெரிய உருவமும் இல்லை. எல்லாம் பிள்ளைச் சுமை.

"விடு!" மூப்பனின் குரல் பள்ளத்திலிருந்து வந்தது. "சொல்லியாச்சுல்ல, விடு!"

செங்கோடனின் விரல் நாணில் இருந்தது. விட்டால் கரடி விழும். குட்டிகள் புதருக்குள் ஓடும். இன்றோ நாளையோ நரி பார்த்துக்கொள்ளும். பள்ளத்தில் இருப்பவர்கள் வருமுன் எல்லாம் முடிந்திருக்கும். ஆண் என்று சொன்ன வாய் சொன்னபடியே நிற்கும். கோட்டையில் இருபத்திரண்டு வருடம் அவன் இழுத்த நாண் ஒருமுறைகூடச் சும்மா திரும்பியதில்லை.

கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. குட்டிகள் கழுத்தில் தொங்கின. அது செங்கோடனைப் பார்த்துச் சீறியது.

அவன் நாணை மெல்லத் தளர்த்தினான். அம்பின் முனை தரையைப் பார்த்தது. கரடி பாய்ந்தால் அவனால் இனி ஒன்றும் செய்யமுடியாது. ஆனாலும் நகரவில்லை. நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டு கத்தினான்.

"தப்பு! நான் சொன்னது தப்பு! பெண்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. கரடி நான்கு காலில் இறங்கிப் புதருக்குள் ஓடிப்போயிற்று.

எல்லோரும் பாறைமேல் ஏறி வந்தபோது பூக்குவியலும் மரமும்தான் இருந்தன.

"எங்கே கரடி?" என்றான் மூப்பன்.

"போச்சு. குட்டிக்காரி. முதுகுல ரெண்டு குட்டி."

"எங்கே குட்டி?"

செங்கோடன் புதரைக் காட்டினான். மூப்பன் புதரைப் பார்த்தான், பிறகு செங்கோடனைப் பார்த்தான்.

"படையில எல்லாரும் உனக்கு நெஞ்சைக் காட்டிக்கிட்டு நின்னாங்களோ?"

ஊர் சிரித்தது. ஊர் வழியாகத்தான் திரும்பவேண்டும். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். தலையைக் குனியவேண்டும் என்றுதான் செங்கோடன் நினைத்தான். தலை குனியவில்லை. தோற்றுத் திரும்பும்போது எதற்கு இந்த நிமிர்வு என்று அவனுக்கே விளங்கவில்லை.

வெள்ளச்சி வாசலில் தினை குத்திக்கொண்டிருந்தாள். செங்கோடன் வில்லின் நாணை அவிழ்த்தான். வில்லை அவள் காலடியில் வைத்தான்.

"தப்பாச் சொல்லிட்டேன், தாயே."

அவள் உலக்கையை நிறுத்தவில்லை. அதற்குள் மூப்பன் வந்துவிட்டான். பின்னாலேயே ஊரும் வந்தது.

"கண்ணு மங்கின ஆளை அனுப்பிட்டியே வெள்ளச்சி! நாய்க்காரங்களுக்கு ஆள் அனுப்பப்போறேன்."

"என்ன சொன்னார் இவர்?" என்றாள் வெள்ளச்சி.

"முதல்ல ஆண்னான். அப்புறம் தப்புன்னான்."

"எவ்வளவு சத்தமா?"

"எது?"

"ரெண்டாவது."

மூப்பன் யோசித்தான். "அதுதான் பெருஞ்சத்தம். பூ பொறுக்கக் காத்திருந்த பொம்பளைங்க வரைக்கும் கேட்டுதாம்."

வெள்ளச்சி உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். நிமிர்ந்து நின்றாள். அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இவர் என் சீடர், மூப்பரே" என்றாள்.

ராஜா கையால் இரண்டு முறை பட்டு வாங்கியவன் செங்கோடன். அன்றெல்லாம் நிறையாத நெஞ்சு இப்போது நிறைந்து, கண்ணுக்கு வந்தது.

"சீடரா இருக்கட்டும். குட்டி இருந்துதுன்னு யார் கண்டா?" மூப்பன் விடவில்லை. "கை நடுங்கி விட்டுட்டு, குட்டி கிட்டின்னு கதை கட்டினா?"

கூட்டத்தில் பின்னாலிருந்து சடையன் முன்னால் வந்தான். கன்னத்தில் பச்சிலைக் கட்டு. பாதி வாயால்தான் பேசமுடிந்தது.

"மூப்பரே, ஊர் கேட்கத் தன்னையே தப்புன்னு கத்தற மனுஷன், குட்டிக்குப் போய் பொய் சொல்லுவானா?"

கூட்டத்தில் சில தலைகள் ஆடின.

"கிழிஞ்சது என் மூஞ்சி" என்றான் சடையன். "அந்தக் கடுவனை அடிக்க இவரே வரட்டும். நாய்க்காரன் அடிச்சா எதை அடிச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்? இவர் அடிச்சா தெரியும். தப்புன்னா இவரே சொல்லிடுவார்."

மூப்பன் தாடியைச் சொறிந்தான். ஊர் முகத்தைப் பார்த்தான். ஊர் சடையன் பக்கம் சாய்ந்துவிட்டது அவனுக்குப் புரிந்தது.

"சரி. கடுவன் விழற வரைக்கும் பூவை வெயில் ஏறினபிறகு பொறுக்கிக்கறோம். நாய் வேண்டாம்." இரண்டடி போனவன் திரும்பி, செங்கோடனைப் பார்த்து, "நாளைக்கு எந்நேரம் வரணுங்க?" என்றான். அந்த 'ங்க' மூன்று நாளில் இன்றைக்குத்தான் வந்தது.

எல்லோரும் போனபிறகு செங்கோடன் வில்லைப் பார்த்தபடி நின்றான்.

"எடுக்கலாமா, தாயே?"

"எடுக்காம? தினை குத்தவா அதை வச்சிருக்கேன்?"

எடுத்தான். நாணைப் பூட்டினான். பிறகு கேட்டான்.

"இன்னும் எத்தனை வருஷம் ஆகும் தாயே, உங்களை மாதிரித் தப்பாமச் சொல்ல?"

வெள்ளச்சி சிரித்துவிட்டாள்.

"நீங்க வர்றதுக்கு முந்தின கோடையில மட்டும் மூணு தடவை தப்பாச் சொன்னேன், படைக்காரரே. நாணைத் தளர்த்திட்டு, தப்புன்னு கத்திட்டு வந்தேன்."

செங்கோடன் திகைத்தான். "நீங்க தனியாத்தானே போவீங்க?"

"தனியாத்தான்."

"அந்தக் காட்டுல கேட்கறதுக்கு ஆளே இல்லையே. அப்புறம் யாருக்காகக் கத்தினீங்க?"

வெள்ளச்சி உலக்கையைக் கையிலெடுத்தாள்.

"நான் இருந்தேனே" என்றாள்.