சாட்சி சொன்ன கன்று

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தான். வாள் பிடிக்கத் தெரிந்தவன், ஆளைப் பிடிக்கத் தெரியாதவன். கடைசியாக எவன் காதில் ஓதினானோ, அவன் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. சந்தையில் வாங்கினேன், ஏமாந்தேன் என்று சபைக்கு வருகிற வழக்குகள் அவனுக்குச் சலித்துப்போயிருந்தன. “இனிமேல் வாயால் சொன்னதுதான் வாக்கு. சொல்லாததற்கு வழக்கு இல்லை. வாயால் சொல்லிப் பொய்த்தவன் நஷ்டத்துக்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்” என்று முரசு அறையச் சொன்னான்.

இதைக் காதில் ஓதியவன் அரண்மனைத் தொழுவத்துக்கு அதிகாரி அம்பலராயன். குழைந்து குழைந்து பேசுவான். அப்படிக் குழைகிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

முரசு அறைந்து எட்டு நாள் ஆகவில்லை, வெள்ளாத்தாள் என்று ஒருத்தி சபையில் வந்து நின்றாள். புருஷன் இல்லை, தயிர் விற்றுப் பிழைக்கிறவள். காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

“சாமி, தோட்டை வித்துச் சந்தையில ஒரு மாடு வாங்கினனுங்க. இளங்கன்னு பக்கத்துல நின்னுச்சு. மடி குடமாட்டம் இருந்துச்சு. ஓட்டியாந்து ஒரு வேளை கறந்தன். மறுநாள் புடிச்சா வெறுங்காம்பு. ரெண்டு நாள் கறக்காம மடியில பாலைக் கட்ட விட்டுக் கொண்டாந்திருக்காங்க. வத்திப்போன மாடுங்க அது.”

“விற்றவன் யார்?” என்றான் ராஜா.

அவள் அம்பலராயன் பக்கம் கையைக் காட்டினாள்.

அம்பலராயன் எழுந்து கும்பிட்டான். “அரசே, மாடு அடியேனுடையதுதான். ஆனால் அடியேன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சந்தை வழக்கம் தாங்கள் அறியாததா? கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம். வாய் திறப்பதே இல்லை. மாடு நின்றது, கன்று நின்றது. இந்த அம்மாள் பார்த்தாள், வாங்கினாள். கன்று ஈன்று எத்தனை நாள் என்று அவள் கேட்கவும் இல்லை, அடியேன் சொல்லவும் இல்லை.”

“சட்டப்படி சரிதான்” என்றான் ராஜா.

சபையின் விகடன் இடும்பன் தூணடியில் உட்கார்ந்து பாக்குக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தான்.

“அரசே, இவர் வாய் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மாட்டை நிறுத்திச் சொல்ல வைத்தார். பொய்யை வாயால் சொன்னாலென்ன, மடியால் சொன்னாலென்ன?”

இடும்பன் எப்போது சறுக்குவான் என்று அந்தச் சபையில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். அம்பலராயன் அவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “விகடர் அடியேனைக் கேலி செய்யட்டும், அரசே. தங்கள் முரசையே கேலி செய்கிறாரே” என்றான்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இடும்பா, நாளை உச்சிப்பொழுதுக்குள் ஒரு சாட்சி கொண்டு வா. சந்தையில் துண்டு போட்டபோது அங்கே நின்றிருக்க வேண்டும். இவளுக்கு உறவாகவோ உன் ஆளாகவோ இருக்கக் கூடாது. தன் வாயைத் திறந்து அம்பலராயனைப் பொய்யன் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் இவள் அந்த மாட்டையே கட்டிக்கொண்டு அழட்டும். நீ எல்லை தாண்டிப் போ.”

“அவ்வளவுதானே அரசே” என்றான் இடும்பன். கையில் ஒன்றும் இல்லாமலே சொன்னான்.

சந்தைத் தரகர்கள் நாலு பேரைப் பிடித்து விசாரித்தான். அதிகாரியைப் பகைத்துக்கொள்ள யார் வருவார்? ஒருத்தன் அன்றைக்குக் காய்ச்சல் என்றான். இன்னொருத்தன், “எனக்கு மாலைக்கண்ணுப்பா” என்றான். பட்டப்பகலில் நடந்த வியாபாரத்துக்கு மாலைக்கண் என்ன செய்யும்? இடும்பன் சிரித்துவிட்டு நேரே வெள்ளாத்தாளின் கொட்டகைக்குப் போனான்.

மாடு ஒரு மூலையில், கன்று இன்னொரு மூலையில். கன்று செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மூஞ்சியில் காயம்.

“காயம் எப்படி ஆத்தா?”

“உதைக்குது சாமி. கிட்டவே அண்ட விடமாட்டேங்குது. பெத்த தாயி இப்படிச் செய்யுமா? நாந்தான் ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு ஊட்டிக்கிட்டிருக்கன்.”

“சந்தையில உதைக்கலையா?”

“அங்க கன்னை எட்டாத கயித்துல கட்டியிருந்தாங்க. துள்ளுற கன்னுன்னு நெனச்சன்.”

இடும்பன் குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுட்டியையே பார்த்தான். ராஜா காலையில் குடிக்கிற பால் ஒரு செவலைப் பசுவின் பால். நெற்றியில் சுட்டி உள்ள பசு. பத்து நாளாய்ப் பாலில் நுரை இல்லை, தண்ணீராய் இருக்கிறது என்று ராஜா கத்திக்கொண்டிருக்கிறான். “கன்று சீக்கு வந்து இறந்துவிட்டது அரசே, அந்தத் துக்கத்தில் பசு பாலை அடக்கிக்கொள்கிறது” என்று அம்பலராயன் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னதை இடும்பன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான்.

தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “ஆத்தா, மோர் இருக்கா?”

“பால் இருந்தாத்தான சாமி மோரு.”

“சரி, நாளைக்கு வந்து குடிக்கறன்.”

மறுநாள் உச்சிக்கு முன்னாலேயே சபை நிறைந்துவிட்டது. இடும்பன் ஊரைவிட்டுப் போவதைப் பார்க்க அத்தனை ஆசை. அவனோ கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“சாட்சி எங்கே?” என்றான் ராஜா.

“இதோ நிற்கிறது அரசே.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அம்பலராயன் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “அரசே, கன்றுக்குட்டி சாட்சியா? இது சபைக்கு அவமானம்.”

“சந்தையில் இது நின்றது என்று நேற்று நீங்களே சொன்னீர்கள் ஐயா. வெள்ளாத்தாளுக்கு உறவில்லை. என் ஆளும் இல்லை, என்னிடம் கூலி வாங்கியதில்லை. பாக்கி ஒன்றுதான், வாய் திறக்க வேண்டும். மனித வாய் என்று அரசர் சொல்லவில்லை.”

இடும்பன் கயிற்றை விட்டான். காலையிலிருந்து பட்டினி கிடந்த கன்று, அத்தனை கூட்டத்தைக் கண்டு மிரண்டு, கழுத்தை நீட்டி, “ம்மா” என்று கத்தியது.

மண்டபத்துக்குப் பின்னால்தான் அரண்மனைத் தொழுவம். அங்கிருந்து பதில் வந்தது. வெறும் பதில் இல்லை. கட்டுத்தறி முறிகிற சத்தமும் சேர்ந்து வந்தது. காவல்காரர்கள் விலகி ஓட, ராஜாவின் செவலைப் பசு முறிந்த தறியும் கயிறுமாய்ச் சபைக்குள் பாய்ந்தது. அம்பலராயனின் ஆசனத்தைத் தட்டிக் கவிழ்த்துவிட்டுக் கன்றிடம் போய் நின்று நக்க ஆரம்பித்தது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. கடைவாயில் நுரை வழிந்து சபைத் தரையில் சொட்டியது.

ராஜா அந்த நுரையையே பார்த்தான். “இது என் பசு அல்லவா?”

“தங்கள் பசு. தங்கள் கன்று. தன்னுடைய வற்றல் மாட்டுக்கு இளங்கன்று வேஷம் கட்ட, தங்கள் கன்றைக் கடத்திச் சந்தையில் நிறுத்தியிருக்கிறார்.”

“சந்தையில் அடியேன் வாயே திறக்கவில்லை…” என்று அம்பலராயன் இழுத்தான்.

“சந்தையில் திறக்கவில்லை, சத்தியம். அரசரிடம் திறந்தீர்களே. கன்று செத்தது என்றீர்களே. செத்த கன்று பால் குடிக்கிறது, பாருங்கள். வாயால் சொன்னதுதான் வாக்கு, பொய்த்தால் இரட்டிப்பு. நீங்கள் ஓதிய சட்டம்தானே ஐயா?”

ராஜாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கவிழ்ந்த ஆசனத்தையும் அம்பலராயன் மூஞ்சியையும் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அம்பலராயா, உன் சொந்தத் தொழுவத்தைத் திற. வெள்ளாத்தாள் தன் கையால் கறந்து பார்த்து, கன்றுக்கு ஊட்டுவதையும் பார்த்து, இரண்டு கறவை பிடித்துக்கொள்ளட்டும். அவள் தோட்டை மீட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வற்றல் மாட்டை ஓட்டிக்கொண்டு நீ எல்லை தாண்டிப் போ. முரசுக்காரனைக் கூப்பிடுங்கள். இனிமேல் காட்டியதும் சொன்னதுதான்.”

வெள்ளாத்தாள் ஈர்க்குச்சியைக் காதிலிருந்து எடுத்துப் போட்டாள்.

ராஜா இறங்கி வந்து, விளையாட்டாகத் தன் பட்டுச் சால்வையை இடும்பன் கைமேல் போட்டு, உள்ளே அவன் விரலைப் பிடித்தான். “உனக்கு என் பரிசு இது. போதுமா?”

இடும்பன் சால்வையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

“இது எனக்கு என்று காட்டிவிட்டீர்கள் அரசே, வாங்கிக்கொண்டேன். துண்டுக்குள்ளே பிடித்த மிச்சத்தைச் சபை கேட்க வாய் திறந்து சொல்லுங்கள். கணக்கர் ஓலையை எடுக்கட்டும்.”

ராஜா மறுபடியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, ஆற்றோரத்தில் இரண்டு காணி நன்செய் என்று உரக்கச் சொன்னான். ஓலையில் எழுத்து காய்கிற வரைக்கும் இடும்பன் அங்கேயே நின்றான். அப்புறம்தான் மோர் குடிக்கப் போனான்.