வேலாத்தா குடித்த ஒரு வாய்த் தண்ணீர்

தசைகளுக்கெல்லாம் வாயும் காதும் இருந்த அந்தக் காலத்தில், மனிதன் பாடு பெரும்பாடாக இருந்தது. ஒரு கவளம் சோறு வாய்க்கு வர வேண்டுமென்றால், மேல்கையின் முன்பக்கத் தசையை இழுக்கச் சொல்ல வேண்டும்; பின்பக்கத் தசையை விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். கையை நீட்ட அதையே மாற்றிச் சொல்ல வேண்டும். இழுக்கத் தெரியுமே தவிர, தள்ளத் தெரியாத கூட்டம் அது. இதயமும் தசைதானே, அதுவும் சொன்னால்தான் துடிக்கும். விழித்திருப்பவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். தூங்குகிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "துடி, துடி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் யாரும் தனியாகத் தூங்கியதில்லை.

கிணறு வெட்டும் கருப்பணனுக்குக் கடும் காய்ச்சல். ஊரே அறுப்புக்குப் போயிருந்தது. மாற்றி உட்கார ஆளில்லாமல் அவன் மனைவி வேலாத்தா ஒருத்தியே பக்கத்தில் இருந்தாள். வலி தாங்காமல் புரண்டவன், வெயில் ஏறியபோதுதான் கண் அசந்தான்.

"உனக்குத் தாகம் எடுத்தா என்னைய எழுப்பியுடு, புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினான். அதுதான் அந்தக் காலத்து வழக்கமும்.

பேசிப் பேசி அவள் நாக்கு வறண்டுபோயிற்று. நாக்கும் தசைதான், இனி புரள முடியாது, கொஞ்சம் நனைத்துவிடு என்று அது கெஞ்சியது. வேலாத்தா புருஷன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ பாடுபட்டு வந்த தூக்கம். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு வாய்தானே என்று சொம்பை எடுத்தாள். நாக்கு பின்னால் மடங்கியது, தொண்டை விழுங்கியது. விழுங்கும்போது பேச முடியாது.

மறுபடி "துடி" என்றாள். நெஞ்சில் கை வைத்துக் கத்தினாள். சொல்லுக்குக் காத்திருந்து நின்றுபோன இதயம் எதையும் கேட்கவில்லை. பாவி மகள், இரக்கப்பட்டுத்தான் அவனைக் கொன்றாள்.

அவனைப் புதைத்துவிட்டு வந்து, வேலாத்தா தன் இதயத்தைக் கூப்பிட்டு, எல்லா இதயத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். "இனிமே நீங்க யாரும் யார் சொல்லுக்கும் காத்திருக்கக் கூடாது. தூங்கினாலும் நிக்கக் கூடாது."

"நாங்க எப்பத்தான் ஓய்வு எடுக்கிறது, ஆத்தா?"

"ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல எடுத்துக்கோங்க."

அவள் அழுகையைக் கேட்டு, ஊரில் இருந்த இதயமெல்லாம் அதற்குச் சம்மதித்தன.

பிறகு அவள் வெறும் பாயில் படுத்தாள். பக்கத்தில் யாருமில்லை. "எனக்குப் போதும், நீ நில்லு" என்று தன் இதயத்திடம் சொன்னாள். அது துடித்துக்கொண்டே இருந்தது. அழுது அழுது தூங்கிப்போனவள், பொழுது விடிந்ததும் கண் விழித்தாள்.

கையும் காலும் இன்றும் நம் சொல்லைக் கேட்கின்றன, அன்று முதல் இதயம் மட்டும் கேட்பதில்லை. யாரைப் பறிகொடுத்தாலும், மறுநாள் காலையில் நாம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.